சங்க அட்டையில் கையெழுத்துப் போட்டால் கிரீன் கார்டு கிடைக்காமல் போகுமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

லாப நோக்கற்ற தனியார் மருத்துவமனை ஒன்றின் சமையற்கூடத்தில் அவர் வேலை பார்க்கிறார். நகரும் பெல்ட்டின் ஓரமாக நின்று, ஒவ்வொரு தட்டோடும் வரும் சீட்டைப் படித்து, உப்பில்லாத சூப்பா, சர்க்கரை நோயாளிக்கான பழமா, மசித்த காய்கறியா என்று பார்த்து எடுத்து வைக்க வேண்டும். முன்பு ஐந்து பேர் நின்ற வரிசையில் இப்போது மூன்று பேர். தட்டு மாறினால் நோயாளிக்கு ஆபத்து; தாமதமானால் இவர்களுக்குத் திட்டு. உடன் வேலை பார்க்கும் ஹெய்ட்டி நாட்டுப் பெண்மணி ஒருவர், உடைமாற்றும் அறையில் தொழிற்சங்க அட்டை ஒன்றை (பணியிடத்தில் சங்கம் வேண்டும் என்று கையெழுத்திட்டுத் தரும் ஒப்புதல் அட்டை) இவரிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரமே மேலாளர் தனியாக அழைத்து, "அட்டை கொடுப்பது யார்? நீ கையெழுத்துப் போட்டுவிட்டாயா?" என்று கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்லாமல் வந்துவிட்டார். பிறகு எல்லோரையும் கூட்டி வைத்து, சங்கம் வந்தால் சமையற்கூடத்தை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுவோம் என்று பேசியிருக்கிறார்கள். கடைசியாக, இவருக்கு மட்டும் 'லீட்' (குழுவை முன்நின்று நடத்துபவர்) பதவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கணவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். இவர் எச்-4, அதாவது வாழ்க்கைத் துணைக்கான விசாவில், வேலை அனுமதி அட்டையுடன். கிரீன் கார்டுக்கான காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. "நாம் பிழைக்க வந்தவர்கள், ஊரார் சண்டை நமக்கு எதற்கு? இங்கே எட்டு மணி நேர வேலையும் வார விடுமுறையும் கம்பெனிகள் தாமாகக் கொடுத்தவை. சங்கம் கேட்டவர்களை அதிபர் ரீகன் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார், தெரியுமா?" என்கிறாராம் கணவர். சகோதரியின் அப்பா கோவையில் மில் தொழிலாளி. நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்த மில் மூடப்பட்டது. "சங்கம்தான் எங்களைத் தெருவில் நிறுத்தியது என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் அட்டையைக் கிழித்துப் போட மனம் வரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கையெழுத்துப் போடுங்கள் என்றோ, போடாதீர்கள் என்றோ நான் சொல்லப்போவதில்லை. அது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் இப்போது உங்கள் வீட்டில் பேசப்படும் செய்திகளில் பல தவறானவை. அவற்றை நம்பி முடிவெடுத்தால், எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் பிறகு வருத்தப்படுவீர்கள். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு வருகிறேன்.

விசாவும் அட்டையும்

அமெரிக்காவில் சங்கம் அமைக்கும் உரிமையைத் தருவது தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம். அது குடியுரிமையைப் பார்ப்பதில்லை. முறையான ஆவணம் இல்லாதவர்கள்கூட அந்தச் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தது. நீங்களோ முறையான வேலை அனுமதி பெற்றவர். சங்கம் அமைக்கவும், அமைக்க வேண்டாம் என்று ஒதுங்கவும், அமெரிக்கக் குடிமக்களுக்கு உள்ள உரிமை முழுவதும் உங்களுக்கும் உண்டு.

இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். எச்-1பி விசா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வழி தேட வேண்டும். அந்தப் பதற்றத்திலேயே அவர் பல ஆண்டுகளாக வாழ்கிறார், அதனால் உங்களுக்கும் அதே நிலைதான் என்று நினைக்கிறார். அது சரியல்ல. உங்கள் எச்-4 நிலை அவருடைய விசாவைச் சார்ந்தது. உங்கள் மருத்துவமனையைச் சார்ந்தது அல்ல. உங்கள் வேலை அனுமதி அட்டையும் எந்த முதலாளியோடும் கட்டப்படவில்லை. நாளையே இந்த வேலை போனாலும் நீங்கள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. சம்பளம் போகும், அது சிறிய இழப்பு அல்ல. ஆனால் விசா போகாது.

கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பற்றி ஒரு விவரம். ஐ-485 படிவத்தில், நீங்கள் எந்தெந்த அமைப்புகளில் உறுப்பினராக இருந்தீர்கள் என்ற கேள்வி இருக்கிறது. சங்கத்தில் உறுப்பினரானால் அதை மறைக்காமல் எழுத வேண்டும். சாதாரணத் தொழிற்சங்க உறுப்பினர் என்பதற்காகக் கிரீன் கார்டை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. பொய் சொன்னால்தான் சிக்கல். உங்கள் கையில் இருக்கும் அட்டை வெறும் ஒப்புதல் அட்டையா, உறுப்பினர் விண்ணப்பமும் சேர்ந்ததா என்று அதில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். விண்ணப்பம் நிரப்பும் நாளில் உங்கள் குடியேற்ற வழக்கறிஞருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் பயம் போகாது என்று தெரியும். அந்தப் பயத்துக்கு இந்த நாட்டில் வரலாறு உண்டு. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தின்போது, 1886 மே மாதம் சிகாகோ ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தது. வீசியவர் யார் என்றே நிறுவப்படாமல் எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குடியேறிகள். 1887 நவம்பரில் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, சிறையில் எஞ்சியிருந்த மூவரை விடுவித்த இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட், அந்த விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று எழுதினார். பிற்காலத்திலும் ஆஸ்திரேலியாவில் பிறந்த துறைமுகத் தொழிலாளர் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடுகடத்த அரசு ஆண்டுக்கணக்கில் முயன்றது. 1945-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆகவே உங்கள் கணவரின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அது பழைய அனுபவம் சொல்லித் தந்த எச்சரிக்கை. அந்த ஹேமார்க்கெட் நிகழ்வின் நினைவாகத்தான் 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். உங்கள் அப்பாவும் மே முதல் நாளில் கொடி ஏற்றியிருப்பார்.

"கம்பெனி தாமாகக் கொடுத்தது"

இந்த நம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. ஹென்றி ஃபோர்டு 1926-இல் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று அறிவித்தது உண்மை. அதே ஃபோர்டு ஆலை வாசலில், 1937 மே மாதம், துண்டறிக்கை கொடுக்க வந்த தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ரூத்தரையும் தோழர்களையும் நிறுவனத்தின் ஆட்கள் அடித்துத் துவைத்ததும் உண்மை. பத்திரிகைப் படங்கள் இன்றும் இருக்கின்றன. 1941 வரை ஃபோர்டு சங்கத்தை ஏற்கவில்லை.

நாற்பது மணி நேர வாரம் நாடு முழுவதற்கும் வந்தது 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தால். முதலில் 44 மணி நேரம். 1940-இல் 40 ஆனது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் தொழிலாளர் துறைச் செயலர் பிரான்சஸ் பெர்க்கின்ஸ், அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். 1911 மார்ச் 25-இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது அவர் தெருவில் நின்று பார்த்தவர். கதவு பூட்டப்பட்டிருந்ததால் வெளியேற முடியாமல் மாடி ஜன்னல்களிலிருந்து குதித்தவர்களையும் சேர்த்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், யூத, இத்தாலியக் குடியேறிகள். உங்கள் சமையற்கூடத்தில் அவசர வழி பூட்டப்படாமல் இருப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

ரீகன் கதையையும் சரிசெய்துவிடுகிறேன். 1981-இல் அவர் பணிநீக்கம் செய்த 11,000-க்கும் மேற்பட்டோர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், மத்திய அரசு ஊழியர்கள். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதையே சட்டம் தடுத்திருந்தது. அவர்கள் சங்கம் கேட்டதற்காக நீக்கப்படவில்லை. சங்கம் முன்பே இருந்தது. தனியார் மருத்துவமனைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அந்த நிகழ்வைப் பார்த்துத் தனியார் முதலாளிகளும் துணிவு பெற்றார்கள் என்பது மெய்தான். 1950-களின் நடுவில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். இன்று பத்தில் ஒருவர், தனியார் துறையில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான். சங்கம் சாகவில்லை, மிகவும் இளைத்துவிட்டது.

உங்கள் சமையற்கூடம் சட்டத்துக்குள் வந்த கதை

இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது உங்களுடைய கதை. 1935-ஆம் ஆண்டு வாக்னர் சட்டம் (மேலே சொன்ன தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம்தான்) சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்தபோது வயல் தொழிலாளரையும் வீட்டு வேலை செய்வோரையும் வெளியே நிறுத்திவிட்டது. தெற்கு மாநிலங்களில் அந்த வேலைகளைச் செய்தவர்களில் மிகப் பெரும் பங்கினர் கறுப்பினத்தவர். 1947-இல் வந்த டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் லாப நோக்கற்ற மருத்துவமனைகளையும் விலக்கியது. தர்மத்துக்கு நடக்கும் இடத்தில் உரிமைப் பேச்சு எதற்கு என்பதுதான் வாதம்.

நியூயார்க்கில் அத்தகைய ஏழு மருத்துவமனைகளில் 1959 மே மாதம் சமையலாட்களும் துப்புரவுப் பணியாளர்களும் உதவியாளர்களும் வேலையை நிறுத்தி 46 நாள் வெளியே நின்றார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கர்களும். முழுநேர வேலை பார்த்துக்கொண்டே அரசு நிவாரணமும் வாங்கித்தான் சிலரால் குடும்பம் நடத்த முடிந்தது. அவர்களைத் திரட்டியது 1199 என்ற சங்கம். அதைத் தொடங்கியவர்கள் மருந்துக்கடை ஊழியர்கள். முறையான அங்கீகாரம் அப்போது கிடைக்கவில்லை. கொஞ்சம் ஊதிய உயர்வும், குறைகளைச் சொல்ல ஒரு வழியும் கிடைத்தன.

பத்தாண்டு கழித்து, 1969-இல், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பன்னிரண்டு பேரை நீக்கியது. மணிக்கு 1.30 டாலர் வாங்கிக்கொண்டிருந்த நானூறுக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ அனைவரும் கறுப்பினப் பெண்கள், அவர்களோடு வெளியே வந்தார்கள். முன்னின்றவர் மேரி மோல்ட்ரி என்ற உதவிச் செவிலியர். தெருவில் தேசியக் காவல் படை நிறுத்தப்பட்டது. கணவர் மார்ட்டின் லூதர் கிங்கை இழந்து ஓராண்டே ஆகியிருந்த கொரெட்டா ஸ்காட் கிங் வந்து ஊர்வலத்தில் நடந்தார். நூறு நாளுக்குப் பிறகு பன்னிரண்டு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் சங்கத்துக்கு அங்கீகாரம் தர நிர்வாகம் மறுத்துவிட்டது. ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. போராட்ட வரலாற்றில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, முழு வெற்றி அபூர்வம்.

1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் லாப நோக்கற்ற மருத்துவமனைகளுக்கான அந்த விலக்கை நீக்கியது. அன்றிலிருந்துதான் உங்களுடையதைப் போன்ற தனியார் மருத்துவமனைகளின் சமையற்கூடம் நாடு முழுவதும் சட்டத்துக்குள் வந்தது. வேலைநிறுத்தம் என்றால் பத்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

சங்கங்களை நான் புனிதப்படுத்தவில்லை. சாமுவேல் காம்பர்ஸ் தலைமையிலான அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு, ஆசியர்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்று வெளிப்படையாக வாதாடியது. 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலம் பெல்லிங்ஹாமில் மர ஆலைகளில் வேலை பார்த்த இந்தியர்களை, பெரும்பாலும் சீக்கியர்களை, வெள்ளைத் தொழிலாளர் கும்பல் அடித்து ஊரை விட்டே விரட்டியது. "இவர்கள் நம்மைத் தம்மவராக ஏற்பார்களா?" என்று உங்கள் கணவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. அட்டை கொடுத்த ஹெய்ட்டிப் பெண்மணியிடமே கேளுங்கள்: குழுவில் யார் யார் இருக்கிறார்கள், உங்கள் மொழி பேசுபவர்களிடம் யார் பேசுவது, ஒப்பந்தத்தில் எதை முதலில் கேட்கப்போகிறார்கள்?

மேலாளர் செய்ததில் எது குற்றம்?

அமெரிக்காவில் காரணமே சொல்லாமல் வேலையிலிருந்து நீக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது சரி. ஆனால் சட்டம் தடுத்த காரணத்துக்காக நீக்க முடியாது. சங்க முயற்சி அப்படித் தடுக்கப்பட்ட காரணம். நிர்வாகம் சங்கத்தை எதிர்த்துத் தன் கருத்தைச் சொல்லலாம். மிரட்டக் கூடாது, யார் எந்தப் பக்கம் என்று துருவிக் கேட்கக் கூடாது, ஆசை காட்டக் கூடாது, வேவு பார்க்கக் கூடாது. உங்கள் கடிதத்தின்படி முதல் மூன்றுமே நடந்திருப்பதாகத் தோன்றுகிறது. தனியறையில் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதது சரி. இனி கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை.

வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்போம் என்ற பேச்சில் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. கையில் இருக்கும் கணக்கைக் காட்டி, தன் கட்டுப்பாட்டில் இல்லாத விளைவை முன்கூட்டிச் சொன்னால் அது கருத்து. சங்கம் வந்தால் நாங்கள் இப்படிச் செய்வோம் என்றால் அது மிரட்டல். 1969-ஆம் ஆண்டு கிஸ்ஸல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடு இது. அதனால்தான் அன்று பேசியவர் பயன்படுத்திய சொற்கள் அப்படியே வேண்டும்.

'லீட்' பதவியில் மிகவும் கவனமாக இருங்கள். மேற்பார்வையாளர் என்று சட்டம் கருதுபவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அந்த விலக்கும் 1947-இல் வந்ததுதான். பதவியின் பெயர் முக்கியமல்ல. பிறரை வேலைக்கு எடுக்கவோ நீக்கவோ தண்டிக்கவோ, சுயமாக யோசித்து வேலை ஒதுக்கவோ அதிகாரம் இருந்தால் நீங்கள் மேற்பார்வையாளராகிவிடலாம். பதவியை ஏற்கும் முன் பொறுப்புகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விசாரணைக்கு அழைத்தால் சங்கப் பிரதிநிதியைக் கூட அழைத்துச் செல்லலாம் என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். 1975-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தந்த அந்த உரிமை, ஏற்கெனவே சங்கம் உள்ள இடங்களுக்கே இன்று பொருந்தும். உங்களுக்கு இப்போது இல்லை.

கையெழுத்தால் என்ன நடக்கும், என்ன நடக்காது

முப்பது விழுக்காட்டினர் கையெழுத்திட்டால், இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் தேர்தல் கேட்கலாம். வாரியம் அட்டைகளை நிர்வாகத்திடம் காட்டாது. பிறகு நடப்பது ரகசிய வாக்கெடுப்பு. அட்டையில் கையெழுத்திட்டவரும் எதிர்த்து வாக்களிக்கலாம். சங்கம் வென்றாலும் உடனே சந்தா தொடங்குவதில்லை. வழக்கமாக முதல் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான். நியூ ஜெர்சியில் ஒப்பந்தம் எல்லோரிடமும் கட்டணம் கேட்கலாம். உறுப்பினராக விரும்பாதவர், பேச்சுவார்த்தைக்கும் பிரதிநிதித்துவத்துக்கும் ஆகும் பங்கை மட்டும் செலுத்தினால் போதும் என்று 1988-இல் தீர்ப்பு வந்தது.

அபாயங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். சட்டம் இருக்கிறது என்பதற்காக நிர்வாகம் மீறாது என்று இல்லை. மீறினால் இந்தச் சட்டத்தில் அபராதம் கிடையாது. வேலையைத் திரும்பத் தரவும், இழந்த ஊதியத்தைக் கொடுக்கவும்தான் உத்தரவு வரும். அதிலும் இடையில் நீங்கள் வேறு இடத்தில் சம்பாதித்ததைக் கழித்துக்கொள்வார்கள். அதற்கே ஆண்டுகள் ஆகலாம். ஊதியக் கோரிக்கைக்காக வேலைநிறுத்தம் செய்பவர்களின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆட்களை வைக்க, 1938-இலேயே உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்துவிட்டது. இவற்றை அறிந்த பிறகும் கையெழுத்திடுபவர்கள் இருக்கிறார்கள். அறிந்து ஒதுங்குபவர்களும் இருக்கிறார்கள். இருவரையும் நான் மதிக்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்தச் சட்டம் சங்கத்துக்காக மட்டும் எழுதப்பட்டது அல்ல. சங்கமே இல்லாவிட்டாலும், தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் உதவியாகச் சேர்ந்து செய்யும் செயலை அது காக்கிறது. நீங்கள் ஒருவராகப் போய், "என்னால் முடியவில்லை, ஆள் போடுங்கள்" என்று உங்கள் குறையை மட்டும் சொன்னால் சட்டத்தின் காவல் மிகக் குறைவு. அந்த வரிசையில் நிற்கும் மூவரும் சேர்ந்து, "எங்களால் முடியவில்லை" என்று கேட்டால் அந்தக் கேள்வி பாதுகாக்கப்பட்டது. ஒதுங்கி இருந்தால் பத்திரமாக இருக்கலாம் என்று உங்கள் வீட்டில் நினைக்கிறீர்கள். இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை தனியாள்தான் மிகவும் பலவீனமானவர்.

அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. அந்த மில் ஏன் மூடப்பட்டது என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நான் யார்? வேலைநிறுத்தத்துக்குப் பின் மூடப்பட்டது என்பதும், வேலைநிறுத்தத்தால் மூடப்பட்டது என்பதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்வேன். முடிந்தால் அப்பாவோடு வேலை பார்த்த யாரையாவது தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள்: கணக்குப் புத்தகம் எப்படி இருந்தது, இயந்திரங்கள் எந்த நிலையில் இருந்தன, நிலத்தின் மதிப்பு என்ன? வேறு ஒரு கதை தெரிய வரலாம், வராமலும் போகலாம். எதுவானாலும் அந்த மில்லின் முடிவை இந்த மருத்துவமனையின் மேல் ஏற்றிப் பார்க்காதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

வேலை அனுமதி அட்டை காலாவதியாகும் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்க எவ்வளவு முன்னதாக விண்ணப்பிக்க முடியுமோ அவ்வளவு முன்னதாக விண்ணப்பியுங்கள். வேலை அனுமதி இல்லாதவருக்கு இழந்த ஊதியம் தர முடியாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் நிலையை அந்தப் பள்ளத்தில் விழவிடாதீர்கள். சங்கத்தைப் பற்றி இடைவேளையில், உணவறையில், உடைமாற்றும் அறையில் பேசுங்கள். நோயாளிகளைக் கவனிக்கும் இடத்தில் வேண்டாம். மருத்துவமனையின் கணினியையோ மின்னஞ்சலையோ பயன்படுத்த வேண்டாம்.

வாரியத்தின் வட்டார அலுவலகம் நியூவார்க்கில் இருக்கிறது. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்து, நிர்வாகத்துக்கும் அதன் நகல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, யார், எங்கே, எப்போது, என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று தமிழிலேயே எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் உங்களைத் தனியறைக்கு அழைத்த தேதியை முதல் வரியாக எழுதுங்கள்; ஆறு மாதக் கணக்கு அன்றிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.